ஐந்தாம் சக்கரமும் அரை டன் வண்டியும்

"இழுக்குமா, இழுக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுல!"

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம், கோவண்டியில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என் தாய்மாமன் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் பௌதிகத்தில் முதுகலை படிப்பவன். மாமாவோ எட்டாம் வகுப்போடு திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்தவர். இருபது ஆண்டுகளாக வாஷி மார்க்கெட்டிலிருந்து செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் தேங்காயும் வாழையிலையும் வெங்காயமும் ஏற்றி வருகிறார். சொந்தமாக ஒரு பிக்அப் வண்டி உண்டு. அதன் கடன் தவணை இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்த வண்டியிலிருந்து வருவது. ஆகையால் அவர் கேள்வி கேட்டால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று தட்டிக் கழிக்க எனக்கு உரிமை கிடையாது.

விஷயம் இதுதான். சாலை வேலை செய்யும் இடங்களில் பொறியாளர்கள் தங்குவதற்குச் சக்கரம் வைத்த அறை ஒன்றை ஒரு பட்டறைக்காரர் கட்டியிருந்தார். இரண்டு கட்டில், சிறு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஜெனரேட்டர் எல்லாம் உள்ளேயே. நம்மூர் சினிமாக்காரர்கள் கேரவன் என்கிறார்களே, அதற்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாதாரண டிரெய்லர் போல வண்டியின் வாலில் கொக்கி போட்டு இழுப்பது அல்ல. முன்பக்கம் வாத்துக் கழுத்துப் போல் உயர்ந்து வளைந்து, பிக்அப்பின் சரக்குத் தளத்தின் மேலேயே வந்து உட்காரும். அதை இங்கிருந்து போர்காட் ஏறி லோணாவளாவுக்கு அப்பால் ஒரு வேலைத்தளத்திற்குக் கொண்டுபோக வேண்டும். மாதம் இரண்டு முறை இடம் மாற்றவும் வேண்டும். வாடகை நல்ல வாடகை. மாமா முன்பணமும் வாங்கிவிட்டார். குர்லாவில் பழைய இரும்புக் கடை ஒன்றில் அதற்கான இணைப்புத் தட்டையும் வாங்கிப் போட்டுவிட்டார். எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகுதான் மருமகனிடம் கேள்வி!

நானும் காகிதம் எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். பட்டறைக்காரர் சொன்ன எடை 2,800 கிலோ. நல்ல தார்ச்சாலையில் ரப்பர்ச் சக்கரம் உருளுவதற்கான தடை, எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்று கொள்ளலாம். அதாவது 42 கிலோவைத் தூக்கும் விசை. மேட்டில் இது பன்மடங்காகும். ஆயினும் முதல் கியரில் எஞ்சின் அதைத் தாங்கும். "இழுக்கும் மாமா" என்றேன். அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதில் சரியான பதில்தான். ஆனால் கேள்வி தவறு. அதை உணர எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் நான் கற்றதை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. கணக்கு அதிகம் இல்லை. பெருக்கல், வகுத்தல், நெம்புகோல் விதி: இவ்வளவே. கலைப்பிரிவு நண்பர்கள் பயந்து பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நான்கு சக்கர வண்டிக்கு ஐந்தாம் சக்கரம் எங்கிருந்து வந்தது? பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, வண்டியின் அடியில் படுக்கை வசமாக ஒரு வட்டத் தட்டு வைத்திருந்தார்கள். அது பார்வைக்கு இன்னொரு சக்கரம் போல் இருந்ததால் ஐந்தாம் சக்கரம் என்று பெயர் பெற்றது. மோட்டார் வண்டி வந்ததும் பெயரும் கூடவே வந்துவிட்டது. 1914ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம், ஒரு மரவியாபாரி தம் படகை ஃபோர்டு கார் ஒன்றின் பின்னால் கட்டிக்கொண்டு போக வழி கேட்டார். ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்த வண்டிக்கு முன்பக்கம் சக்கரம் இல்லை. முன்பக்கத்துப் பாரத்தைக் காரே தாங்கியது. அதனால் அதற்கு அரை டிரெய்லர் என்று பெயர் வைத்தார். கவனியுங்கள்: இந்த வகை வண்டியின் பிறப்பே, சிறிய வண்டி ஒன்று பெரிய பாரத்தை இழுக்குமா என்ற கேள்வியிலிருந்துதான். பிறகு, விமானத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான கிளென் கர்டிஸ், 1920களில் இதே முறையில் காரின் பின்னால் வரும் உல்லாசப் பயண வீடு ஒன்றை அமைத்தார். என் மாமாவின் தலைவலிக்கு அவரே மூல புருஷர் எனலாம்.

நம்மிடையே ஐந்தாம் சக்கரத்தைப் பார்க்காதவர் யாரும் இல்லை. சயான்–பன்வேல் சாலையில் நவ சேவாத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கம் வரும் சமையல் எரிவாயு டாங்கர்களைப் பாருங்கள். அவற்றில் டி.என். 28 என்று எண் எழுதிய வண்டி கண்ணில் பட்டால் அது நாமக்கல்லிலிருந்து வந்தது. எரிவாயு டாங்கர் தொழிலில் நாமக்கல்லுக்கு உள்ள இடம் இந்தியாவில் வேறு எந்த ஊருக்கும் இல்லை. இந்த வண்டிகளில் இழுக்கும் முன்பகுதி வேறு, பாரம் சுமக்கும் பின்பகுதி வேறு. முன்பகுதியை 'ஹார்ஸ்' என்றே சொல்கிறார்கள். குதிரை போனாலும் குதிரை என்ற சொல் போகவில்லை. அதன் முதுகில் எண்ணெய்ப் பசை பூசிய ஒரு கனத்த தட்டு, பின்பக்கம் பிளவுபட்டு இருக்கும். டிரெய்லரின் அடியிலிருந்து தொங்கும் இரும்பு முளை அந்தப் பிளவுக்குள் புகுந்ததும் தாடை போன்ற பூட்டு அதைக் கவ்விக்கொள்ளும். முளையின் குறுக்களவு இரண்டே அங்குலம்! நாற்பது டன் பாரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு சாலையில் போகிறவனை லாரியோடு இணைத்திருப்பது இந்த இரண்டு அங்குலம்தான். (கன்டெய்னர் லாரியின் பக்கத்தில் ஸ்கூட்டரில் போகும்போது இதை நினைக்காமல் இருப்பது நல்லது.)

இந்த அமைப்பின் சிறப்பு என்ன? நம் தாத்தாமார் காலத்துப் பாரவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் மூட்டை ஏற்றும்போது 'முன்பாரம், பின்பாரம்' பார்ப்பார்கள். அச்சுக்குப் பின்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். வண்டி குடை சாயும். அச்சுக்கு முன்னால் அதிகம் ஏற்றினாலோ மாட்டின் கழுத்து புண்ணாகும். கொஞ்சம் முன்பாரம் வைத்து ஏற்றுவதே முறை. டிரெய்லருக்கும் அதே விதி. முன்பக்கம் பாரம் குறைந்தால் ஓடும்போது வால் ஆட ஆரம்பிக்கும்; வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். வாலில் கொக்கி போட்டு இழுக்கும் சாதாரண டிரெய்லரில் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் இருக்கும்படி வைப்பது வழக்கம். ஐந்தாம் சக்கர டிரெய்லரில் இது ஏறத்தாழ இருபது பங்கு. சிலவற்றில் இருபத்தைந்து வரை போகும். இந்தப் பாரம் இழுக்கும் வண்டியின் பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ இறங்குவதால், டிரெய்லர் பக்கவாட்டில் உதைத்தாலும் அந்த உதை இழுக்கும் வண்டியைத் திருப்பிவிட முடியாது. வாலில் கட்டிய டிரெய்லரோ, நீண்ட நெம்புகோலின் நுனியில் நின்று வண்டியையே ஆட்டும்.

ஆக, ஐந்தாம் சக்கரம் உறுதியானது. ஆனால் அந்த உறுதிக்கு ஒரு விலை இருக்கிறது: அது இழுக்கப்படும் பாரம் மட்டும் அல்ல, சுமக்கப்படும் பாரமும் ஆகும். நம் நாட்டு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே இந்த வேறுபாட்டைச் செய்திருக்கிறது. வெறுமனே இழுக்கப்படுவது டிரெய்லர்; ஒரு பகுதி இழுக்கும் வண்டியின் மேல் அமர்ந்து, எடையில் ஒரு பங்கை அந்த வண்டி தாங்குமாறு அமைந்தது அரை டிரெய்லர். சட்ட நூலில் இவ்வளவு நல்ல பௌதிகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் தவறு இப்போது புலப்பட்டிருக்கும். நான் மாட்டின் பலத்தைக் கணக்குப் பார்த்தேன், அச்சைப் பார்க்கவில்லை. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வண்டியைப் பற்றிச் சொன்ன குறள் உங்களுக்கெல்லாம் மனப்பாடம். இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு நுட்பத்தை நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. மாடு இழுக்க முடியாமல் நின்றுவிடும் என்று அவர் கூறவில்லை. அச்சு முறியும் என்றுதான் கூறினார்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு எழுவது. அங்கே பிக்அப் வண்டிகளை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று வகைப்படுத்துவார்கள். ஆதியில் ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ, ஏற்றத் தக்கது அரை டன் வண்டி. இன்று பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவ்வகை வண்டிகள் பெரும்பாலும் 700 முதல் 900 கிலோ வரை சுமக்கும். நம் ஊரில் 2005ஆம் ஆண்டு வந்த டாடா ஏஸ், அதுதான் நம்மவர் குட்டி யானை என்று செல்லமாக அழைப்பது, முக்கால் டன் சுமக்க என்று செய்யப்பட்டது. முந்நூறு குதிரைத் திறன் எஞ்சின் உள்ள அமெரிக்க வண்டியும், பதினாறு குதிரைத் திறனோடு வந்த நம் குட்டி யானையும் முதுகில் சுமக்கும் பாரம் ஏறத்தாழ ஒன்றே! இழுக்கும் திறனில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. விளம்பரத்தில் 'ஐந்து டன் இழுக்கும்' என்று போடுவார்கள், பொய் இல்லை. ஒருவர் அதை நம்பி நாலு டன் எடையுள்ள ஐந்தாம் சக்கர வீட்டை வாங்குகிறார். இழுப்பதில் இன்னும் ஒரு டன் மிச்சம் என்று மகிழ்கிறார். ஆனால் நாலு டன்னில் ஐந்தில் ஒரு பங்கு, 800 கிலோ, வண்டியின் முதுகில் இறங்குகிறது. இணைப்புத் தட்டு ஒரு 80 கிலோ. கணவன், மனைவி, இரு குழந்தைகள், நாய், நாய்க்குத் தண்ணீர் எல்லாம் சேர்த்து 250 கிலோ. மொத்தம் 1,130. சுமக்கும் அளவோ 900க்கு உள்ளே. இழுவையில் தேறியவர் சுமையில் தோற்றுவிட்டார். இரண்டரை டன், மூன்று டன்னுக்குள் அடங்கும் இலேசான வீடுகளை இத்தகைய வண்டிகளுக்கென்றே கட்டுகிறார்கள். அவற்றுக்கும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சுமை அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் நாள் காலை மாமாவிடம் போய், "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எடை போட்டுப் பார்க்க வேண்டும்" என்றேன். அவருக்கு வந்த கோபத்தை எழுதினால் ஆசிரியர் அச்சிட மாட்டார். அத்தைதான் இடையில் வந்து, "பிள்ளை சொல்லுதான்ல, ஒரு நடை போய் நிறுத்துப் பார்த்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள். மான்கூர்டுப் பக்கம் ஓர் எடைமேடைக்கு வண்டியையும், ஒரு லாரியைப் பிடித்து அந்த அறையையும் கொண்டுபோனோம். எடைமேடையை இங்கே 'தரம் காண்ட்டா' என்பார்கள். தர்மத் தராசு! பெயருக்கேற்ப அது யாருக்கும் சலுகை காட்டவில்லை.

பட்டறைக்காரர் 2,800 என்று சொன்ன அறை, தண்ணீரும் ஜெனரேட்டரும் கட்டிலும் சேர்ந்து 3,400 கிலோ நின்றது. பிறகு டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையிலும், முன்பக்கத்து ஊன்றுகால்கள் மேடைக்கு வெளியிலும் இருக்கும்படி நிறுத்தினோம். சக்கரங்களின் மேல் 2,400. அப்படியானால் ஊன்றுகால்களின் மேல் 1,000. "முளையின் மேல் ஆயிரம் கிலோ" என்று நானே கத்திவிட்டேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஊன்றுகால் இருக்கும் இடம் வேறு, முளை இருக்கும் இடம் வேறு. அச்சுகளின் நடுவிலிருந்து ஊன்றுகால் நாலு மீட்டர். முளை ஐந்து மீட்டர். நெம்புகோல் விதிப்படி ஆயிரத்தை நாலால் பெருக்கி ஐந்தால் வகுக்க, முளையின் மேல் இறங்குவது 800 கிலோ. மொத்தத்தில் நூற்றுக்கு இருபத்து மூன்றரைப் பங்கு. முன்பாரம் சற்றுத் தூக்கல்தான்.

இனி மாமாவின் வண்டி. வெற்று எடை 1,600. அனுமதித்த மொத்த எடை 2,600. ஆகவே ஆயிரம் கிலோ சுமக்கலாம். முளையின் பாரம் 800, தட்டும் அதன் சட்டமும் 90, மாமாவும் கிளீனர்ப் பையனும் 140, ஜாக்கி, ஸ்பானர், மரக்கட்டை முதலிய சில்லறைகள் 40. கூட்டினால் 1,070.

"எழுபது கிலோதானல? பையன இறக்கிவிட்டா சரியாப் போச்சு!" என்றார் மாமா.

சரியாகப் போகவில்லை. பின் அச்சைத் தனியே பார்க்க வேண்டும். பிக்அப்பின் சரக்குத் தளம் குட்டை. தட்டைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால், திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு ஓட்டுநர் அறையின் முதுகில் இடிக்கும். அதனால் பட்டறையில் தட்டை அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் பொருத்தத் திட்டமிட்டிருந்தார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர். இப்போது 890 கிலோவை மூன்றரையால் பெருக்கி மூன்றால் வகுத்துப் பாருங்கள்: பின் அச்சில் இறங்குவது 890 அன்று, 1,038! மிகுதி 148 எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து. ஏற்றப் பலகையின் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புவது போல, பின்னால் வைத்த பாரம் முன் அச்சைத் தூக்குகிறது. வண்டியைத் திருப்புவது முன் சக்கரம் என்பதை மறந்துவிட வேண்டாம். வெறும் வண்டியில் பின் அச்சின் மேல் 650, பாரம் 1,038, ஆட்கள், சாமான்களின் பங்கு 72. ஆக 1,760. பதிவுப் புத்தகத்தில் கண்ட அளவு 1,700.

இந்த இடத்தில் மாமா எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அறையின் முன்பக்கத்தில் இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தது. "பாரவண்டியில மூட்டைய மாத்தி வைக்க மாட்டமால? தொட்டியப் பின்னாடி தள்ளு" என்றார். பட்டப்படிப்பில் எனக்குத் தோன்றாத யோசனை! இருநூறு கிலோவை மூன்று மீட்டர் பின்னால் தள்ளினால், அறுநூற்றை ஐந்தால் வகுக்க, முளையின் பாரம் 120 கிலோ குறைந்து 680 ஆகும். மொத்தத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. வால் ஆடும் பயமும் இல்லை. வண்டியின் சுமை 950. பின் அச்சில் 1,620. இரண்டும் அளவுக்குள் வந்துவிட்டன. கிளீனர்ப் பையனையும் இறக்க வேண்டியதில்லை. மாமாவின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது, கணக்கை இங்கேயே நிறுத்திவிடலாமா என்று எனக்கும் ஆசை வந்தது.

அப்போது அங்கே எடை போட நின்றிருந்த ஒரு டாங்கர் ஓட்டுநர், நாமக்கல் பக்கத்துக்காரர், தமிழ் கேட்டு எங்களிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அறையைச் சுற்றி ஒரு முறை வந்தார். முளையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து சக்கரங்களின் உட்புறம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுக்குப் பிரேக்கு எங்கீங்க?" என்று கேட்டார்.

பிரேக் இல்லை. மூன்றேகால் டன்னுக்கு மேற்பட்ட அறைக்குச் சொந்தமாகப் பிரேக்கே வைக்கவில்லை! "ஐந்தாம் சக்கரம் இருக்கே, அது பிடிச்சுக்கும்" என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் சக்கரம் பிடிப்பது முளையைத்தான்; வேகத்தை அன்று. நாமக்கல் வண்டிகளில் டிரெய்லரின் ஒவ்வொரு அச்சிலும் காற்றுப் பிரேக் உண்டு. முன்வண்டியிலிருந்து காற்றுக் குழாய்கள் போகும். குழாய் அறுந்தால் டிரெய்லர் தானே பிரேக் பிடித்து நிற்கும்படியான ஏற்பாடும் உண்டு.

சாலையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். மாமாவின் வண்டியும் அறையும் ஆட்களும் சேர்ந்து 5,270 கிலோ. வண்டியின் பிரேக்கோ 2,600 கிலோவை நிறுத்தச் செய்தது. முழுப் பாரத்தோடு அந்த வண்டி மட்டும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, நன்றாகப் பிரேக் பிடித்தால் சுமார் 28 மீட்டரில் நிற்கும் என்று கொள்ளுங்கள். அதே பிரேக், இரு மடங்குப் பொருண்மை என்றால் 56 மீட்டர். இது ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தைச் சேர்க்காமல் சொன்னது. கோவண்டி ஸ்டேஷன் சாலையில் 56 மீட்டருக்குள் எத்தனை குழந்தைகள் குறுக்கே ஓடும் என்று இங்கே வசிக்கும் எனக்குத் தெரியும்.

மலைச்சாலையில் நிலைமை இதைவிடக் கடினம். கோபோலி அடிவாரத்திலிருந்து கண்டாலா ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். ஏறும்போது எஞ்சின் முக்கி முனகி ஏற்றிவிடும். இறங்கும்போது அந்த உயரம் முழுவதும் எங்காவது வெப்பமாகக் கழிய வேண்டும். 5,270 கிலோ, 500 மீட்டர்: பெருக்கினால் சுமார் இரண்டு கோடியே ஐம்பத்தெட்டு லட்சம் ஜூல். அடுப்படிக் கணக்கில் சொன்னால், 88 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று! சக்கரங்களின் உருளல் தடை ஒரு பங்கை ஏற்கும். கீழ்க்கியரில் இறங்கினால் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்கும். மீதி முழுவதும் பிக்அப்பின் நாலு சிறிய பிரேக்குகளில். அவை சூடேறினால் பிடிப்பு குறையும். மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நேர்ச்சாலையில் பிரேக் பிடித்தால் பிரேக் இல்லாத டிரெய்லர் முன்வண்டியை நேராகத் தள்ளும். வளைவில் பிடித்தால் அது தன் போக்கில் சாய்வாகத் தள்ளும். முளை பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் இருப்பதால் அந்தத் தள்ளல் வண்டியின் பின்புறத்தை வெளியே ஒதுக்கும். மழை ஈரத்தில் சக்கரம் வழுக்கினால் வண்டியும் டிரெய்லரும் பேனாக்கத்தி மடங்குவது போல் மடங்கிக்கொள்ளும். ஐந்தாம் சக்கரத்தின் சிறப்பு என்று மேலே சொன்னேனே, பாரம் அச்சுக்கு மேலே இறங்குவது என்று. அந்தச் சிறப்பையே தளத்தின் குட்டைத்தனம் தின்றுவிட்டது.

நாமக்கல் ஓட்டுநர் இந்தக் கணக்கு எதையும் போடவில்லை. "போர்காட்ல இறங்கறப்ப இது உங்கள முந்திட்டுப் போவுமுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு எனக்குத் தம் வண்டியில் முளையைப் பூட்டும் முறையைக் காட்டினார். தட்டில் கிரீஸ் இருக்கிறதா, டிரெய்லர் முன்வண்டியின் உயரத்துக்குச் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பின்னுக்கு மெதுவாக வந்து, பூட்டு விழும் ஒலி கேட்ட பிறகும் நம்பாமல் இறங்கிப் போய் விளக்கடித்துத் தாடை முளையைக் கவ்வியிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஊன்றுகாலைத் தூக்குமுன், டிரெய்லர்ப் பிரேக்கைப் பிடித்தபடி முன்வண்டியைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்க வேண்டும். முப்பது வருஷமாக ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்ப்பதாகச் சொன்னார். "ஒலி மட்டும் போதாதா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்.

சட்டப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். அந்த அறைக்கு இல்லை. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 2019 முதல் அபராதம் இருபதாயிரம் ரூபாய், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் இரண்டாயிரம். ஆனால் மாமாவை அசைத்தது அபராதம் அன்று. விபத்து நேர்ந்தால், பதிவில்லாத டிரெய்லரைக் கட்டி இழுத்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ்காரர் பணம் தர மறுக்க இடம் உண்டு என்று நான் சொன்னபோதுதான் அவர் பேச்சை நிறுத்தினார். பதினான்கு மாதத் தவணை அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

பட்டறைக்காரரிடம் போய், டிரெய்லருக்குப் பிரேக் வைத்துப் பதிவும் செய்து கொடுத்தால் வருகிறேன் என்றார் மாமா. அதற்கு ஆகும் செலவில் இன்னோர் அறை கட்டலாம் என்று அவர் கையை விரித்தார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். அதில் பாதி ஏற்கெனவே செலவாகிவிட்டிருந்ததால், அத்தையின் வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போயிற்று. அந்த அறையைப் பின்னர் ஒரு லாரியின் தட்டையான தளத்தில், சக்கரங்களோடு அப்படியே கிரேன் வைத்துத் தூக்கிக் கட்டிக் கொண்டுபோனார்கள் என்று கேள்வி. கணக்குப்படி அதுதான் சரியான வழி. லாரிக்குப் பெரிய பிரேக், பாரம் முழுவதும் அதன் அச்சுகளின் மேல்.

மாமா என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. எடை போட்டுப் பார்க்கச் சொன்னதற்காக அல்ல. முதல் நாள் ஒரே வார்த்தையில் 'இழுக்கும்' என்று சொன்னதற்காக. அது நியாயமான கோபம். வளையல் தைமாதம் திரும்பி வந்தது.

குர்லாவில் வாங்கிய இணைப்புத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள அந்தக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. அது இப்போது எங்கள் சந்தில் குழாயடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பிளவு சுவர்ப் பக்கம் இருக்குமாறு போட்டிருக்கிறோம். காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் அதன் மேல் மூன்று குடங்கள் ஆடாமல் நிற்கும்.